சிம்னி ஓரத்து ஈரம்: மழைத் தண்ணீரா, வீட்டு ஆவியா? கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

சிம்னியை ஒட்டிய சீலிங்கில் மஞ்சள் கறை தெரிந்ததும் பெரும்பாலானோர் கூரை வேலைக்காரரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் ஏறி, சிம்னியின் அடியைச் சுற்றித் தார் பூசிவிட்டு இறங்குகிறார். அடுத்த பனிக்காலத்தில் கறை அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் அகலமாக வந்து நிற்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலே மருந்து போட்டதால் வந்த வினை அது.

ரொறன்ரோ, மார்க்கம், பிரம்டன் வட்டாரத்து வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்: செங்கல் சிம்னி, ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் ஓட்டுத் தகடு) வேய்ந்த கூரை, அதற்கும் சீலிங்குக்கும் நடுவே இன்சுலேஷன் போட்ட அட்டிக். இந்த அமைப்பில் ஈரம் வர நான்கு வழிகள் உண்டு. ஒன்று, சிம்னியும் கூரையும் சேரும் இடத்தில் உள்ள ஃப்ளாஷிங் தகடு வழியாக மழையும் உருகிய பனியும் இறங்குவது. இரண்டு, செங்கலும் உச்சியிலுள்ள சீமெந்து மூடியும் தண்ணீரைக் குடிப்பது. மூன்று, புகைக்குழாயின் உள்ளேயே ஆவி குளிர்ந்து தண்ணீராவது. நான்கு, வீட்டின் சூடான ஈரக்காற்று அட்டிக்குள் ஏறி, குளிர்ந்த பலகையில் உறைவது. ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றுக்கு உதவாது. சிலவேளை கெடுதலும் செய்யும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கருவி எதையும் எடுக்குமுன், ஈரம் தெரிந்த நாட்களைக் குறித்து, அன்றைய வானிலையைப் பக்கத்தில் எழுதுங்கள். கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் தேதி போட்டால் அது வளர்வது தெரியும். பாதி நோயறிதல் இதிலேயே முடிந்துவிடும்.

மழை தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், அதிலும் காற்று ஒரு குறிப்பிட்ட திசையிலிருந்து அடிக்கும்போது மட்டும் சொட்டினால் ஃப்ளாஷிங்கைச் சந்தேகியுங்கள். நீண்ட மழை முடிந்து அரைநாளோ ஒருநாளோ கழித்துக் கறை விரிந்தால், குடித்த தண்ணீரைச் செங்கல் மெதுவாகக் கக்குகிறது. மழையே இல்லாமல், கடுங்குளிர் வாரம் முடிந்து வெயில் எறித்த நாளில் சீலிங்கில் ஆங்காங்கே சொட்டினால் அது கூரை ஒழுக்கே அல்ல. அட்டிக்கில் உறைந்திருந்த உங்கள் வீட்டு ஆவி உருகி விழுகிறது. கூரையில் பனி குவிந்திருக்கையில் கூரைச் சரிவில் சிம்னிக்கு மேற்புறமாக உள்ள சுவர் மட்டும் நனைந்தால், பனி அங்கே அணைபோல் தேங்கி, உருகிய தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியில் பின்னோக்கி ஏறுகிறது. பருவத்தோடு சம்பந்தமே இல்லாமல் சிம்னி சுவரில் வெள்ளைப்பொடி பூத்து, வாட்டர் ஹீட்டர் இருக்கும் பேஸ்மென்டில் சிம்னியின் அடிக்கதவைத் திறந்தால் ஈரச் சேறு இருந்தால், புகைக்குழாயைப் பாருங்கள்.

அட்டிக்குள் ஏறிப் பார்த்தல்

ஏற்ற நேரம் ஜனவரி, பிப்ரவரியில் சில நாள் தொடர் குளிர் அடித்த பிறகு, காலையில். வெயில் ஏறினால் தடயம் உருகிவிடும். தலைவிளக்கு, என்95 முகமூடி, கையுறை, மின்னோடும் முள்ளுள்ள ஈரமானி, இவை போதும். சீலிங்கைத் தாங்கும் மரத்தில் மட்டுமே கால் வையுங்கள். இடையிலுள்ள டிரைவால் ஆளைத் தாங்காது.

ஓர் எச்சரிக்கை. இன்சுலேஷன் சாம்பல் அல்லது வெளிர் பழுப்பு நிறத்தில், மினுமினுக்கும் சிறு கூழாங்கல் போலக் கிடந்தால் அது வெர்மிகுலைட். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அந்தச் சுரங்கம் மூடியதே 1990இல்தான். பழைய வீட்டில் இதைக் கண்டால் கிளறாமல் இறங்கி, ஆய்வகச் சோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மேலே ஏறியதும் கூரைப் பலகையிலிருந்து கீழ்நோக்கி நீளும் ஆணி முனைகளைப் பாருங்கள். அவற்றில் வெண்ணிற உறைபனி மொட்டு மொட்டாக இருந்தாலோ, கோடையில் துரு வளையம் தெரிந்தாலோ, வீட்டுக் காற்று மேலே ஏறுகிறது. இந்தத் தடயம் கூரை முழுக்க, குறிப்பாக வெயில் படாத வடக்குச் சரிவில் பரவியிருக்கும். மழை ஒழுக்கோ ஒரு புள்ளியில் தொடங்கி, கைமரத்தின் வழியே கோடாக இறங்கும். கறையின் மிக உயர்ந்த புள்ளியைத் தேடுங்கள். நுழைவாயில் அங்கேயோ அதற்கு மேலேயோதான் இருக்கும், ஒருபோதும் கீழே இருக்காது.

ஈரமானியைச் சிம்னியை ஒட்டிய பலகையிலும், பத்தடி தள்ளிய பலகையிலும் குத்தி ஒப்பிடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் என்றால் மரம் உளுக்கத் தயாராகிறது. சிம்னி ஓரத்தில் 25, தள்ளி 12 என்றால் பிரச்சினை சிம்னியில். எங்கும் 20 என்றால் சிம்னியை விடுங்கள், காற்றைப் பாருங்கள்.

அடுத்து, சிம்னி சீலிங்கைத் துளைத்து வரும் இடத்தில் இன்சுலேஷனை விலக்குங்கள். செங்கலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டிருப்பார்கள். தீப்பிடிக்காமல் இருக்கச் சட்டமே கேட்கும் இடைவெளி அது. ஆனால் திறந்து கிடந்தால், பேஸ்மென்டிலிருந்து நேராக அட்டிக்குக் காற்று ஏறும் பாதையும் அதுதான். அங்கே ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள், இன்சுலேஷனில் நெருப்புப் படாமல். புகை சரேலென்று மேலே இழுபட்டால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த இடத்துக் கண்ணாடி இழை இன்சுலேஷன் கருத்துப் போயிருந்தாலும் அதே அர்த்தம்: ஆண்டுக்கணக்காகக் காற்றிலுள்ள தூசியை வடிகட்டியிருக்கிறது.

வெளியே பார்த்தலும் தண்ணீர்ச் சோதனையும்

தரையில் நின்று பைனாகுலரால் பார்த்தாலே நிறையத் தெரியும்: செங்கலின் முகம் செதில் செதிலாக உதிர்ந்திருக்கிறதா, சாந்துக் கோடுகள் உள்வாங்கியிருக்கின்றனவா, உச்சி மூடியில் வெடிப்பு உண்டா, தகடு சுவரிலிருந்து விலகி நிற்கிறதா, பழைய தார்ப் பூச்சு பாளம் பாளமாகப் பிளந்திருக்கிறதா. 6க்கு 12 சரிவுக்கு (12 அங்குல நீளத்துக்கு 6 அங்குலம் ஏறுவது) மேற்பட்ட கூரையில் பாதுகாப்புக் கயிறும் பழக்கமும் இல்லாதவர் ஏறவே கூடாது.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் ஹோஸ் சோதனை. உறைநிலைக்கு மேற்பட்ட, மழையில்லாத நாளில், அட்டிக்கில் ஒருவர் விளக்கோடு, கூரையில் ஒருவர் ஹோஸோடு. தண்ணீரை அழுத்தமில்லாமல், மழை விழுவதுபோல் மேலிருந்து கீழாக விடுங்கள். ஆனால் சோதிக்கும் இடங்களைக் கீழிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மேலே ஏறுவதுதான் சூட்சுமம்: சிம்னிக்குக் கீழ்ப்புற ஷிங்கிள், பிறகு முன்தகடு, இரு பக்கத் தகடுகள், பின்பக்கம் (சரிவின் மேற்புறம்), செங்கல் முகம், கடைசியாக உச்சி மூடி. ஒவ்வோர் இடத்திலும் 15 முதல் 20 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றின் மேலும் ஓடிவிடும். எது ஓட்டை என்று கடைசிவரை தெரியாது. பொறுமையில்லாமல் ஐந்து நிமிடத்தில் இடம் மாற்றுவதால்தான் இந்தச் சோதனை பலருக்குப் பொய்க்கிறது.

வீட்டு ஆவியை அடக்குதல்

21 பாகை செல்சியஸ், 40 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, ஏறத்தாழ 7 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணீரைக் கக்கத் தொடங்கும். வெளியே மைனஸ் 15 என்றால் கூரைப் பலகையும் உறைநிலைக்கு வெகு கீழேதான். ஆகவே முதலில் ஈரப்பதத்தைக் குறையுங்கள்: கடுங்குளிரில் 30 சதவீதத்துக்கு அருகே இருக்கட்டும். ஃபர்னஸில் மாட்டிய ஹியூமிடிஃபையரை வருடம் முழுக்க ஒரே எண்ணில் விட்டுவைப்பது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். புட்டும் இடியப்பமும் அவிக்கும் வீட்டில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி காற்றை வடிகட்டி மறுபடி சமையலறைக்கே ஊதும் வகையாக இருந்தால் அதனால் பயனில்லை. வெளியே தள்ளும் குழாய் வேண்டும்.

குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குள்ளேயே முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், ஒவ்வொரு குளியலின் ஆவியும் அங்கே இறங்குகிறது. இன்சுலேஷன் சுற்றிய குழாயை, தொய்வில்லாமல், கூரை வழியாகவோ பக்கச்சுவர் வழியாகவோ தனி மூடி வைத்து வெளியேற்றுங்கள். சொஃபிட் (கூரை விளிம்பின் அடிப்பக்கம்) துளைகளுக்கு அருகே விட்டால் ஆவி திரும்பவும் உள்ளே உறிஞ்சப்படும். மூட்டுகளுக்கு அலுமினிய ஃபாயில் டேப் போடுங்கள். சாம்பல் நிறத் துணி டேப் வருடக்கணக்கில் நிற்காது.

சிம்னி இடைவெளியை அடைப்பதுதான் இந்தப் பகுதியின் முக்கிய வேலை:

1. சிம்னியைச் சுற்றி ஓரடிக்கு இன்சுலேஷனை விலக்கி, செங்கலையும் மரத்தையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.
2. 26 கேஜ் கால்வனைஸ் தகட்டை நான்கு துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் செங்கலைத் தொட்டு, மரச்சட்டத்தின் மேல் குறைந்தது ஓர் அங்குலம் அமர வேண்டும்.
3. மரத்தின்மேல் தீ தாங்கும் சீலன்ட்டைத் தடிப்பாக இழுத்து, தகட்டை அதில் அழுத்தி, ஆணியோ திருகாணியோ அடியுங்கள்.
4. தகடு செங்கலைத் தொடும் கோட்டை உயர்வெப்பச் சீலன்ட்டால் மூடுங்கள். மூலைகளை மறக்கவேண்டாம், மூலையில் சின்ன ஓட்டை விட்டால் காற்று அங்கே கூடி விசையோடு ஏறும்.
5. தகட்டால் ஒரு வேலி செய்து, சிம்னியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிச் சுற்றி நிறுத்துங்கள். புதிதாகப் போடும் இன்சுலேஷன் அந்த வேலிக்கு வெளியே நிற்கட்டும்.

இடைவெளியில் ஸ்ப்ரே ஃபோம் அடிக்கவே கூடாது. கடையில் 'ஃபயர் பிளாக்' என்று ஆரஞ்சு நிறத்தில் விற்பதும் புகைக்குழாயை ஒட்டிப் போடுவதற்கானது அல்ல. உலோகக் குழாய்ச் சிம்னி என்றால் அதன்மேல் ஒட்டியுள்ள லேபிள் சொல்லும் இடைவெளியே சட்டம்.

கூடவே அட்டிக் மூடியின் விளிம்புக்கு ரப்பர் பட்டையும், மேலே கெட்டி ஃபோம் பலகையும் போடுங்கள். சீலிங் விளக்குப் பெட்டிகள், வயர் இறங்கும் துளைகளையும் அடையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஆர் 60 (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு) வரை இன்சுலேஷன் ஊதவேண்டும். முதலிலேயே ஊதிவிட்டால் அட்டிக் இன்னும் குளிரும், ஓட்டைகள் புதைந்துபோகும், உறைபனி முன்னைவிடக் கூடும். இன்சுலேஷன் போட்ட அடுத்த குளிர்காலத்தில் 'புதிதாக' ஒழுக்கு வந்த வீடுகளின் கதை பெரும்பாலும் இதுதான்.

காற்றோட்டத்துக்கு ஒன்ராறியோக் கட்டடச் சட்டத்தின் பொதுவிதி, சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு திறப்பு. 1,200 சதுர அடி சீலிங் என்றால் 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். பாதியைச் சொஃபிட்டிலும் பாதியை முகட்டை ஒட்டியும் வைத்தால் நல்லது. ஒரு பெட்டித் துவாரம் 50 சதுர அங்குலம் காற்று விடும் என்றால் மேலே ஆறு வேண்டும். இன்சுலேஷன் சொஃபிட்டை மூடாமல் ஒவ்வொரு கைமர இடைவெளியிலும் காற்றுத்தடுக்கு அட்டை இருக்கவேண்டும். மின்சார அட்டிக் விசிறியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஓட்டை அடைபடாத வீட்டில் அது வெளிக்காற்றை விட்டுவிட்டு வீட்டுக் காற்றையே மேலே இழுக்கும்.

வீட்டை இறுக்கியபின் ஒரு சோதனை கட்டாயம். ஜன்னல்களை மூடி, எல்லா விசிறிகளையும் டிரையரையும் ஓடவிட்டு, சிம்னியில் புகைவிடும் வாட்டர் ஹீட்டரை எரியவையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அதன் மேல் குடையருகே ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போகவேண்டும். முகத்தில் அடித்தால் ஹீட்டரை நிறுத்தி, எரிவாயு வேலைக்கு டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

புகைக்குழாய்க்குள் பெய்யும் மழை

ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். பழைய ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் ஒரே சிம்னியில் புகைவிட்ட காலத்தில் ஃபர்னஸின் வெப்பம் அந்த ஆவியை வெளியே தள்ளியது. ஃபர்னஸை மாற்றி உயர்திறன் வகை போட்டதும் அது பிளாஸ்டிக் குழாய் வழியாகப் பக்கச்சுவரில் போய்விடுகிறது. பெரிய குளிர்ந்த சிம்னியில் சின்ன வாட்டர் ஹீட்டர் தனியே மிஞ்சுகிறது. அதன் புகை பாதிவழியிலேயே குளிர்ந்து, அமிலம் கலந்த தண்ணீராகி, களிமண் லைனரையும் (புகைக்குழாயின் உள்சுவர்) சாந்தையும் அரிக்கிறது. சிம்னியின் மேல்பகுதிச் செங்கல் மட்டும் வெள்ளை பூத்து உதிர்வது இதன் அடையாளம்.

இதற்கு ஹீட்டரின் அளவுக்கேற்ற உலோக லைனரை உள்ளே இறக்கவேண்டும், அல்லது ஹீட்டரையே பக்கச்சுவரில் புகைவிடும் வகைக்கோ மின்சார வகைக்கோ மாற்றவேண்டும். சாதாரண எரிவாயு ஹீட்டருக்கு அலுமினிய லைனர் போதும். எண்ணெய், விறகு என்றால் துருப்பிடிக்காத எஃகு. அளவைக் கணக்கிடுவது உரிமம் பெற்றவர் வேலை. ஃபர்னஸ் மாற்றும்போதே இதை விலையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பலர் வாய் திறப்பதில்லை.

எதுவுமே புகைவிடாத சிம்னி என்றால் உச்சியில் மழைத்தொப்பி வையுங்கள், ஆனால் மேலும் கீழும் இறுக அடைக்காதீர்கள். சிறிது காற்று ஓடாவிட்டால் உள்ளே ஈரம் தேங்கும்.

செங்கலும் உச்சி மூடியும்

உச்சி மூடி ஓரத்தில் இரண்டு அங்குலத் தடிப்பும், சுவருக்கு வெளியே இரண்டு அங்குலமாவது நீட்டும், அந்த நீட்டின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடியும் (பள்ளக்கோடு) கொண்டிருக்கவேண்டும். சாந்தை மிச்சம்பிடித்து மெல்லியதாகப் பூசிய மூடிதான் முதலில் வெடிக்கிறது. லைனரைச் சுற்றி நெகிழும் சீலன்ட் விடவேண்டும். சீமெந்தை நேரடியாக ஒட்டினால், சூட்டில் லைனர் நீளும்போது மூடி பிளக்கும். மயிரிழை வெடிப்புக்கு நெகிழும் மூடிப்பூச்சு போதும். ஆடும் மூடியை உடைத்துப் புதிதாக வார்க்கவேண்டும்.

உள்வாங்கிய சாந்துக் கோட்டை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, 'என்' வகைச் சாந்தால் நிரப்புங்கள்: சீமெந்து 1, சுண்ணாம்பு 1, மணல் 6. நூறாண்டு பழைய மென்செங்கலுக்கு அதுவும் கடினம். 1, 2, 9 என்ற 'ஓ' வகை பொருந்தும். சாந்து செங்கலைவிடக் கடினமானால் உடைவது செங்கல்தான். 5 பாகைக்குக் கீழே போகும் இரவுகள் தொடங்குமுன் முடித்துவிடுங்கள்.

பிறகு சைலேன், சிலோக்சேன் வகைத் தண்ணீர்த்தடுப்பு. செங்கல் மூச்சுவிடும், தண்ணீர் உள்ளே போகாது. பெயின்டும், மினுமினுப்பாகப் படலம் கட்டும் சீலரும் வேண்டாம். உள்ளே மாட்டிய ஈரம் உறைந்து விரிந்து செங்கலின் முகத்தையே தள்ளிவிடும்.

ஃப்ளாஷிங்

ஷிங்கிளும் தகடும் மீன் செதில்போல மேல் கீழாக ஏறியிருந்தால் சீலன்ட் இல்லாமலே தண்ணீர் வழிந்து ஓடும். தார் அந்த ஒழுங்குக்கு மாற்று அல்ல. வெயிலிலும் குளிரிலும் வெடித்து, வெடிப்புக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

1. சிம்னியைச் சுற்றியுள்ள ஷிங்கிளைக் கழற்றி, உளுத்த பலகையை மாற்றுங்கள். ஒட்டும் பனித்தடுப்புப் படலத்தைப் பலகையில் ஒட்டி, சிம்னி சுவரில் சில அங்குலம் ஏற்றுங்கள்.
2. முன்தகடு: கீழ்ப்புற ஷிங்கிளின் மேலே படிந்து, இரு மூலைகளையும் சுற்றி மடியவேண்டும்.
3. படித்தகடுகள்: 8க்கு 8 அங்குலத் துண்டை நடுவில் மடித்து, ஒரு ஷிங்கிள் வரிசைக்கு ஒன்று. அடுத்தது முந்தையதை மூன்று அங்குலமாவது மூடட்டும். ஆணி கூரையில் மட்டும். சிம்னியும் வீடும் வெவ்வேறு அத்திவாரத்தில் வெவ்வேறு விதமாக அசைபவை. இரண்டிலும் ஆணி அடித்தால் தகடு கிழியும்.
4. பின்பக்கம்: சிம்னியின் அகலம் 750 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அதன் பின்னே, தண்ணீரை இருபக்கமும் பிரித்துவிடும் சிறு முகடு கட்டவேண்டும் என்பது சட்டம். பனி தேங்கும் வீட்டில் அதைவிடக் குறுகிய சிம்னிக்கும் கட்டினால் நல்லது.
5. மூடுதகடு: சாந்துக் கோட்டில், செங்கலை வெட்டாமல், ஓர் அங்குல ஆழம் காடி வெட்டி, தகட்டின் மடிப்பை அதில் செருகி, ஈய ஆப்பால் இறுக்கி, பாலியூரித்தேன் சீலன்ட்டால் மூடுங்கள். படித்தகட்டை அது நான்கு அங்குலம் மூடி இறங்கட்டும். வெட்டும்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு எமன். துணி முகமூடி போதாது.

பூச்சில்லாத அலுமினியத்தை ஈரச் சாந்துக்குள் செருகாதீர்கள், அரித்துவிடும். நிறம் ஏற்றிய கால்வனைஸ் எஃகு இங்கே பொதுவாகக் கிடைப்பது. செம்பு விலை கூடினாலும் நீடிக்கும்.

வேலை முடிந்த பிறகு

நனைந்த இன்சுலேஷனை எடுத்துவிடுங்கள்; மரம் காய ஒரு கோடை கொடுங்கள். பலகையில் சிறிது பூஞ்சணம் இருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும், பிளீச் தேவையில்லை. சீலிங்கில் பெயின்ட் அடிப்பதை ஈரமானி 15க்குக் கீழே காட்டும்வரை தள்ளிப்போடுங்கள். அடிக்கும்போதும் கறைமறைப்பு ப்ரைமர் முதலில். இல்லையென்றால் பழைய மஞ்சள் திரும்பவும் தெரிந்து வீண் பயம் காட்டும்.

கூரை வேலைக்கு விலை கேட்கும்போது மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: படித்தகடு புதிதா, பழையதின் மேலா? மூடுதகடு காடிக்குள் போகிறதா, சுவரில் ஒட்டி ஆணி அடிக்கப்படுகிறதா? பின்பக்கத்தில் என்ன கட்டுகிறீர்கள்? 'சிம்னியைச் சீல் செய்தல்' என்று ஒற்றை வரியில் வரும் விலைப்பட்டியலுக்கு அர்த்தம் தார்தான்.